மேனேஜர் உள்ளே வரலாமா

மாப்ள,

இன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தேன். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. வாசம் மேலே எழுந்து, அறை முழுக்கச் சுற்றி, வெளியே போக வழி தெரியாமல் என்னிடமே திரும்பி வந்து நின்றது. உனக்குத் தெரியாது, நம் எடை நிலையத்துக்கு இப்போது கண்ணாடிக் கதவு போட்டுவிட்டார்கள். கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. லாரி மேடையில் ஏறியதும் அதுவே எடை பார்த்துச் சீட்டைத் தள்ளுகிறது. நாம் இருவரும் கத்திக்கொண்டும் எழுதிக்கொண்டும் செய்த வேலையை அது வாய் திறக்காமல் செய்கிறது. கம்ப்யூட்டருக்குக் குளிர் வேண்டுமாம், அதற்காக ஏசி. அந்தக் குளிரில் ஓரமாக உட்கார்ந்துகொள்ள எனக்கும் அனுமதி கிடைத்திருக்கிறது.

முதலாளி கதவைத் திறந்தார். மூக்கைச் சுளித்தார்.

“என்னய்யா இது, நாய் வாசமா?”

“கருவாடு, மொதலாளி.”

“கருவாடு தெரியுது. அதுக்கு அடியில இன்னொன்னு வருது பாரு. ஏசி ரூம்ல நாய வச்சிருந்தா வர்றவன் போறவன் என்ன நெனப்பான்? இது இனிமே உள்ள இருக்கலாமா வேணாமா, யோசிச்சு சாயங்காலம் சொல்லு.”

என் மேசைக்கு அடியில் மேனேஜர் படுத்திருந்தது. தலையைக்கூடத் தூக்கவில்லை. தன்னைப் பற்றிய விசாரணைகளில் அது எப்போதும் அப்படித்தான்.

சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. லாரி வரத்தும் குறைவு. இதே கேள்விக்கு முன்பும் ஒருமுறை நான்தான் பதில் சொன்னேன். அப்போது நீ எதிரே நின்றுகொண்டிருந்தாய். இப்போது நீ இல்லாததால் எழுத வேண்டியிருக்கிறது.

அது வந்தது ஒரு ஐப்பசி மழையில். சுண்ணாம்புக்கல் ஏற்றி வந்த லாரிக்கு அடியில் ஒண்டி நின்றது. காது ஒன்று கிழிந்திருந்தது, நிறம் இன்னதென்று சொல்ல முடியாமல் சேறு. நீ டீக்கு வாங்கிய பன்னில் பாதியைப் பிய்த்து அதற்குப் போட்டாய். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மற்ற பாதி வழக்கப்படி எனக்கு வர வேண்டியது. அதையும் அதற்கே போட்டாய். என்னைப் பொறுத்தவரை எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

மதியச் சாப்பாட்டில் நமக்கு ஒரு வழக்கம் இருந்தது. குரும்பலூரிலிருந்து பஸ் மாறி நீ கொண்டுவரும் டப்பாவின் முதல் பிடிச் சோறு என் மூடியில் விழும். பிறகுதான் நீ சாப்பிடுவாய். ஏன் இப்படி என்று நான் கேட்டதில்லை. கேட்டால் நிறுத்திவிடுவாயோ என்ற பயம். அது வந்த வாரமே முதல் பிடி வாசலுக்குப் போனது. நான் இரண்டாவது ஆனேன். இரண்டாவதும் நல்ல இடம்தான் என்று சொல்பவர்கள் எப்போதும் முதலாவதாக இருந்திருக்க மாட்டார்கள்.

சோற்றோடு நின்றிருந்தால் பொறுத்திருப்பேன். நீ அதற்கு மரியாதையும் கொடுத்தாய். “வாங்க, உள்ள வந்து உக்காருங்க. மழையில ஏன் நனையுறீங்க?” என்பாய். அதே வாயால் என்னிடம், “மாப்ள, கொஞ்சம் தள்ளி உக்காரேன்டா, அவருக்கு எடமில்ல.”

பிறகு பெயர். நம் நிலையத்தில் மேனேஜர் என்ற பதவி ஒன்று உண்டு, ஆள்தான் கிடையாது. முதலாளி என்றாவது ஒரு நாள் நம்மில் ஒருவரை அந்த நாற்காலியில் உட்காரச் சொல்வார் என்று நான் நினைத்திருந்தேன். நம்மில் ஒருவர் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். நீ அந்தப் பதவியை ஒரு பிற்பகலில் நாய்க்குக் கொடுத்துவிட்டாய்.

“நாயிக்குப் போயி மேனேஜருன்னு பேரு வக்கிறியே, மாப்ள?”

“காலையில வருது. ஒரு சுத்து சுத்திப் பாக்குது. மத்தியானமானா படுத்துக்குது. வேற என்ன பேரு வக்கச் சொல்ற?”

அதன் பிறகு டிரைவர்கள் வாசலில் நின்று, “மேனேஜர் இருக்காராண்ணே?” என்று கேட்பார்கள். முதல் சில தடவை நான் எழுந்துவிட்டேன்.

வேலையும் கற்றுக்கொண்டது. எடை போடும்போது டிரைவரும் கிளீனரும் இறங்கி நிற்க வேண்டும் என்பது நம் ஒழுங்கு. லோடு எடையில் மட்டும் கிளீனரைத் தார்ப்பாய்க்கு அடியில் படுக்கவைத்து, அவன் கனத்தையும் சரக்கோடு சேர்த்து விற்பது டிரைவர்களின் ஒழுங்கு. நாம் ஏறிப் பார்த்தால் சண்டை வரும். மேனேஜர் லாரியை ஒரு வலம் வந்து, ஆள் இருக்கும் பக்கமாக நின்று குரைக்கும். கிளீனர் பல்லைக் காட்டிக்கொண்டே இறங்குவான். முதலாளி ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, “இதுக்கு இருக்குற பொறுப்பு!” என்றார். வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையிருக்கவில்லை.

நான் அதை வசப்படுத்தப் பார்த்ததும் உனக்குத் தெரியும். வீட்டிலிருந்து அவித்த முட்டை கொண்டுவந்து உரித்து வைத்தேன். அது முட்டையைப் பார்த்தது. பிறகு உன்னைப் பார்த்தது. நீ, “சாப்பிடுங்க” என்றாய். சாப்பிட்டது. என் வீட்டு முட்டைக்கு உன் அனுமதி. நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: “நாயிகூட போட்டி போடாதடா மாப்ள. தோத்தா அசிங்கம். ஜெயிச்சா அதவிட அசிங்கம்.” சரியான பேச்சுதான். ஆனால் அதைச் சொல்ல முதல் இடத்தில் இருப்பவனால் மட்டுமே முடியும். நீ போட்டியிலேயே இல்லை. நீ பரிசு.

பிறகு தா.பழூர் நெல் வியாபாரி வந்த நாள். தை மாதச் சாயங்காலம். பகல் வெயிலை வாங்கி வைத்திருக்கும் இரும்பு மேடையில் படுத்துக்கொள்வது மேனேஜருக்குப் பழக்கம். வியாபாரியின் லாரி நெல்லை இறக்கிவிட்டு, காலி எடை போட மேடையில் ஏறியது. சீட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் அது சுருண்டு கிடப்பதை அவர் பார்த்தார்.

“அடப்பாவிகளா! காலி லாரி கனத்துல நாயையும் சேத்துட்டீங்களே! நாய் கனம் பூரா எம் நெல்லுல கழிஞ்சி போச்சே!”

நீ பொறுமையாக நாயைத் தூக்கிக்கொண்டு இறங்கி மறுபடியும் எடை போட்டாய். அதே எண். நம் பழைய எந்திரம் சின்னக் கனங்களைக் கண்டுகொள்ளாது என்பது அவருக்குத் தெரியாது.

“அப்ப இந்த நாயிக்குக் கனமே இல்லையா?”

“இருக்குங்க. உங்க லாரி பக்கத்துல நின்னா யாருக்குத்தாங்க கனம் தெரியும்?”

அவர் சிரிக்கவில்லை. நேராக முதலாளியிடம் போனார். “கனம் இருக்கோ இல்லையோ, எடை போடுற எடத்துல நாய்க்கு என்ன வேல? இது ஆபீஸா, சந்தையா? இது இருக்குறவரைக்கும் எங்க ஊரு நெல்லு ஒரு மூட்டை இந்த மேடை ஏறாது.”

முதலாளி நம் இருவரையும் கூப்பிட்டார். உன்னைக் காட்டி, “இவன் அதுக்கு அப்பன் மாதிரி. இவன்கிட்ட ஞாயம் கேக்க முடியாது” என்றார். என்னிடம் திரும்பினார். “நீ சொல்லுய்யா. நாய் இருக்கலாமா, வேணாமா? நீ வேணாம்னா இந்த லாரியிலேயே ஏத்தித் தா.பழூர் ஆத்தங்கரையில விட்டுரச் சொல்றேன்.”

நீ என்னைப் பார்த்தாய். அது வந்த பிறகு அவ்வளவு நேரம் நீ என்னையே பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பார்வைக்காகவே நான் இன்னும் கொஞ்ச நேரம் யோசித்தேன்.

ஒரு வார்த்தையில் அது ஆற்றங்கரைக்குப் போயிருக்கும். போனால் அதன் பிறகு நீ என் முகத்தில் முழிக்க மாட்டாய் என்ற கணக்கும் எனக்குத் தெரிந்தது. “இருக்கட்டும் மொதலாளி” என்றேன். “ஆனா ஒரு ஒழுங்கு வேணும்.” எடை நடக்கும்போது மேடையில் இருக்கக் கூடாது. நாற்காலியில் ஏறக் கூடாது. லாரி இல்லாத நேரத்தில் என் மேசைக் காலில் கட்டியிருக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் அறைக்குள் இருக்கக் கூடாது.

“சோத்து நேரத்துல ஏன்டா?” என்றாய்.

“சுகாதாரம்” என்றேன். எனக்கும் சுகாதாரத்துக்கும் அதற்கு முன் பெரிய பழக்கம் இருந்ததில்லை. முதலாளிக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. வியாபாரியும் தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து முதல் பிடிச் சோறு மறுபடி என் மூடிக்கு வரும் என்று நான் எதிர்பார்த்தது நியாயம்தானே?

மறுநாள் சாப்பாட்டு நேரம். நீ எழுந்தாய். என் மேசைக் காலிலிருந்து கயிற்றை அவிழ்த்தாய். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் டிபன் பாக்ஸ். வெளியே வேப்பமரத்தடிக்கு நடந்தாய்.

“எங்கடா போற?”

“ரூலு ரூலுதான்டா. அவரு உள்ள இருக்கக் கூடாதுன்னா நான் வெளிய போறேன். நீயும் வாயேன்.”

“யாராவது மெஷினப் பாத்துக்கணும்ல” என்றேன். அன்று மெஷினும் நானும் சாப்பிட்டோம். மெஷின் ஒன்றும் பேசவில்லை. ஜன்னல் வழியே நீ மேனேஜரிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பது தெரிந்தது. என்னைப் பற்றித்தான் என்று நினைத்தேன். என்னைப் பற்றியாவது இருக்கட்டும் என்றும் நினைத்தேன்.

சில நாள் கழித்து, மின்விசிறி சரியில்லை என்று சொல்லிக்கொண்டு நானும் மரத்தடிக்கு வந்தேன். மின்விசிறி எனக்குப் பின்னால் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நீ திரும்பிப் பார்த்தாய், தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாய். அதிலிருந்து பல வருஷம் நீ நடுவில், அது ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஜெயங்கொண்டம் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகக் கையாட்டுவார்கள். யாருக்கு ஆட்டினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

போன ஆடியில் ஒரு நாள், நெஞ்சு கரிக்கிறது என்று மதியமே கிளம்பினாய். கதவருகே நின்று, “போயிட்டு வரேன் மாப்ள” என்றாய். அது எனக்குச் சொன்னது, அதில் பங்கில்லை. அதோடு போயிருக்கலாம். குனிந்து மேனேஜரின் கிழிந்த காதைத் தடவி, “பாத்துக்குங்க” என்றாய். நிலையத்தையா, என்னையா என்று சொல்லவில்லை. நிலையத்தை என்றுதான் அப்போது நினைத்தேன்.

உன் காரியமெல்லாம் முடிந்து நான் குரும்பலூரிலிருந்து திரும்பியபோது, இங்கே பேச்சு வேறாக இருந்தது. மேனேஜர் சாப்பிடவில்லை. கேட்டில் படுத்து, நீ வந்திறங்கும் பெரம்பலூர் பஸ் நிற்கும்போதெல்லாம் எழுந்து பார்க்கிறது. டிரைவர்கள் கல் ஏற்றும் இடமெல்லாம் இதைச் சொல்லிவிட்டார்கள். பிஸ்கட் வந்தது, பன் வந்தது. ஒருவன் சால்னாவோடு பரோட்டா கொண்டுவந்தான். கேட்டருகே நான் நின்றிருந்தேன்.

“அண்ணே, கொஞ்சம் நவுருங்க. மேனேஜருக்கு வச்சிட்டுப் போறேன். பாவம்ணே, வாயில்லா ஜீவன், மனசுக்குள்ளயே வச்சிருக்கும்.”

நகர்ந்தேன். நானும்தான் சாப்பிட்டிருக்கவில்லை. எனக்கு வாய் இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பஸ் நின்றபோது நானும்தான் எழுந்து பார்த்தேன். மனிதன் எழுந்து பஸ்ஸைப் பார்த்தால் ஊருக்குப் போகிறான் என்று நினைக்கிறார்கள்.

பிறகு உன் வீட்டிலிருந்து தங்கச்சி வந்தாள். உன்னிடம் இருந்த நிலையத்துச் சாவியைக் கொடுத்தாள். கூடவே பையிலிருந்து உன் காக்கிச் சட்டை ஒன்றை எடுத்தாள். “மேனேஜரு சோறு திங்க மாட்டேங்குதாமேண்ணே. வூட்டுல இத மட்டும் தொவைக்காம வச்சிருந்தேன். போட்டுப் பாருங்க” என்றாள். கோணிச் சாக்கின் மேல் விரித்தேன். அது வந்து மோந்தது, காலரில் மூக்கை வைத்துப் படுத்தது, இருட்டுவதற்குள் சோறு தின்றது. தங்கச்சி ஒரு சட்டைதான் கொண்டுவந்திருந்தாள்.

இதோ, முதலாளி வந்துவிட்டுப் போனார். “என்னய்யா முடிவு பண்ண?” என்றார். இருக்கட்டும் என்றேன், இந்தத் தடவை யோசிக்காமல். கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில், ஏசி நேராக அடிக்காத இடம் என்றேன். சரி என்றார். “அந்தச் சட்டையையாவது தொவைச்சுப் போடு, இல்ல தூக்கிப் போடு. வாசம் அதுலேருந்துதான் வருது” என்றார்.

“தொவைச்சா மேனேஜர் சாப்பிட மாட்டாரு மொதலாளி” என்றேன். அவர் நாயைப் பார்த்தார், இரக்கப்பட்டார், சரி, தொவைக்க வேணாம், அதையும் ரூலா வச்சுக்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாப்ள, மேனேஜருக்கு வயதாகிவிட்டது. மூக்கு மழுங்கிவிட்டது. முன்னால் வைத்த சோற்றையே தட்டில் தடவித்தான் கண்டுபிடிக்கிறது. அந்த இடத்தில் யாருடைய சட்டையை விரித்தாலும், துவைத்தே விரித்தாலும், படுத்துக்கொள்ளும். முதலாளிக்கு இது தெரியாது. நானும் சொல்லவில்லை.