கண்ணாடி மாதிரி வந்த ஃபிலிம்

கிருபா,

உன் தம்பி சாந்தகுமாரின் கல்யாண ஃபிலிம் கெட்டது உன்னால் இல்லை. நேற்று, "டார்க் ரூம் கதவத் தொறந்து கெடுத்துட்டியே" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். "நான் அடுப்பாண்டதானே இருந்துக்கினு இருந்தேன்" என்றாய். நம்பவில்லை.

இன்று நீ பள்ளிக்கூடத்துக்குப் பாடமெடுக்கப் போன பிறகு, ஃபிலிமை ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். வெளிச்சம் பட்டிருந்தால் முழுக்கக் கறுத்திருக்கும். இதுவோ கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஓரத்து நம்பர்கூட இல்லை. தெரிந்த படம் அழியாமல் நிற்கக் கடைசியில் ஊற்ற வேண்டிய ஹைப்போவை, படத்தைத் தெரியவைக்கும் டெவலப்பர் என்று நினைத்து முதலிலேயே ஊற்றியிருக்கிறேன். அது எல்லாப் படத்தையும் கழுவிவிட்டது.

சர்ச்சில் திருவிருந்துக்குத் திராட்சை ரசம் வந்த காலி பாட்டில்கள் இரண்டை ஆசையாகக் கேட்டு வாங்கி, இரண்டு மருந்தையும் ஊற்றி, லேபிள் ஒட்டாமல் வைத்த மேதை நான்தான். வாசனையிலேயே கண்டுபிடிப்பேன் என்று பீற்றிக்கொண்டவனுக்கு நேற்று ஜலதோஷம்.

பத்து மணி பஸ்ஸில் குடிபாலாவுக்கு, உன் பிறந்த வீட்டுக்குப் போகிறேன். தம்பியையும் புதுப்பெண்ணையும் கல்யாணத் துணியோடு மறுபடி சர்ச் வாசலில் நிற்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். உங்கள் நைனா உயிரோடு விட்டால் சாயங்காலம் வருவேன்.

சாம்பார் அடுப்பின்மேல் இருக்கிறது. உப்புப் போட்டேனா என்று நினைவில்லை. டார்க் ரூம் சாவி மாடத்தில். மூடியில் இன்று நூல் கட்டிவைத்த பாட்டில்தான் ஹைப்போ. உன் கையாலேயே பெயர் எழுதி ஒட்டு, என்னை நம்பாதே.

ஜீவரத்தினம்

பி.கு. பன்னிரண்டில் பதினொரு படத்துக்கு அவர்களைத் திரும்ப நிற்க வைத்துவிடலாம். பன்னிரண்டாவதில் நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். அதை எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.