மழையைப் பற்றி ஒரு சொல்

லண்டன்,
12.08.1957

அன்புள்ள ஸுல்பிகாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீயும் மகள் றம்ஸியாவும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன்.

நான் இங்கே என்னதான் வேலை செய்கிறேன் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். எந்த நாட்டிடம் அணுகுண்டு இருக்கிறது, அடுத்து எந்த நாடு செய்யப்போகிறது என்று கணித்துச் சொல்வதுதான் என் வேலை. குண்டு எங்கே வெடித்தாலும் அதன் தூசி உலகைச் சுற்றி மழையோடு இறங்கும். அதைச் சோதித்தால் குண்டு எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். நமது கரையிலிருந்தும் தூசி வேண்டுமாம். மேலதிகாரியிடம் உன் பெயரைச் சொன்னேன். பசை பூசிய தாள்கள் இத்துடன் வருகின்றன. கூரையில் பலகை கட்டி, வெள்ளிக்கு வெள்ளி தாளை மாற்றிப் பழையதைத் தபாலில் போடு.

உன் அன்புக் கணவன்,
அப்துல் ஸமட்


சாய்ந்தமருது,
21.10.1957

அன்புள்ள மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். என் கூடப்பிறந்த காக்கா மர்சூக் பலகை கட்டித் தந்தார். எட்டுத் தாள் அனுப்பிவிட்டேன். 'ஸமட்ட பொண்டாட்டிக்கும் வெள்ளக்காரன் உத்தியோகம் குடுத்திட்டானா?' என்று ஊர் சிரிக்கிறது. சிரிக்கட்டும். உங்கள் வேலையில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்ததில் சந்தோஷம்தான்.

ஒன்று கேட்க வேண்டும். தாளில் விழுகிற தூசி நம் முற்றத்திலும்தானே விழும்? மாரி தொடங்கிவிட்டது. றம்ஸியா கூரைத் தண்ணீருக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாள். 'உள்ளுக்கு வா புள்ள' என்றால், 'ஏன் உம்மா?' என்கிறாள். அந்தத் தண்ணீர் குடிக்கலாமா, கூடாதா? ஒரு சொல் எழுதினால் போதும்.

உங்கள் ஸுல்பிகா


லண்டன்,
09.11.1957

அன்புள்ள ஸுல்பிகாவுக்கு,

எல்லா ஊர்த் தாள்களிலும் உன்னுடையவைதான் ஒழுங்கானவை என்று மேலதிகாரி பாராட்டினார். நீ கேட்டது அலுவலக விஷயம், கடிதத்தில் எழுத முடியாது. கவலைப்படாதே. பத்து வருடத்தில் குண்டு செய்யக்கூடிய நாடுகள் எவை என்ற அறிக்கையை என்னிடமே தந்திருக்கிறார்கள். அது முடிந்தால் பிரிவுக்கு நான்தான் தலைவன். சித்திரையில் நீங்கள் இருவரும் இங்கே வந்துவிடலாம். வீடும் பார்த்துவிட்டேன்.

அப்துல் ஸமட்


லண்டன்,
04.01.1958

அன்புள்ள ஸுல்பிகாவுக்கு,

வெள்ளச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்துப் பதறினேன். மர்சூக் காக்காவின் தந்தி வந்த பிறகுதான் மூச்சு வந்தது. அல்ஹம்துலில்லாஹ். பலகை நிற்கிறதா? டிசம்பர்த் தாள்கள் மூன்று வரவில்லை. அந்த நாட்களில் ஒரு பெரிய வெடிப்பு நடந்திருக்கிறது. எங்களுக்கு அந்த மழைதான் வேண்டும். தாள் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, அனுப்பு.

அப்துல் ஸமட்


சாய்ந்தமருது,
17.01.1958

மச்சான்,

பலகை கடலோடு போய்விட்டது. நம் வீட்டுச் சுவரும் போனது. அதை நீங்கள் கேட்கவில்லை.

குளங்கள் உடைந்து மேற்கேயிருந்து தண்ணீர் வந்தது. கிணறுகளில் எல்லாம் செத்த மாடுகள். பள்ளிக்கூடத்தில் அறுபது குடும்பம் ஒன்பது நாள் கிடந்தோம். ஆண்கள் உடுத்த சாரனை விரித்துக் கட்டி மழையை ஏந்தித்தான் குடித்தோம். பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் பெண்கள் என்னிடம் வந்தார்கள். 'உங்கட மனிசன் மழைத் தூசியத்தானே சோதிக்கிறாரு. குடுக்கலாமா, சொல்லுங்க புள்ள' என்றார்கள். பக்கத்து வீட்டுக் கமீலா கைக்குழந்தையோடு நின்றாள். எனக்கு என்ன தெரியும்? 'ஓம், குடுங்க' என்றேன். றம்ஸியாவுக்கும் நானே ஊற்றினேன். பிறகு ஒதுக்குப்புறமாகப் போய் வாந்தி எடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் உங்கள் கடிதம் வந்தது. மகள் எதைக் குடித்தாள் என்று கேட்கவில்லை. மழை வேண்டும் என்கிறீர்கள். இனியாவது சொல்லுங்கள். அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது?

ஸுல்பிகா


லண்டன்,
02.02.1958

ஸுல்பிகா,

உங்கள் மழையில் இருந்தது மிகச் சொற்பம். லண்டன் மழையில் இருப்பதைவிடக் குறைவு. டிசம்பர் வெடிப்பின் தூசியும் உங்கள் பக்கம் வரவில்லை என்று மற்ற ஊர்த் தாள்கள் காட்டுகின்றன. பயப்பட ஒன்றுமில்லை.

நீ கேட்ட மழையைக் குடிக்கலாம் என்பது உன் தாள்களிலிருந்து எனக்கு நவம்பரிலேயே தெரியும். உனக்கு எழுதலாமா என்று மேலதிகாரியிடம் கேட்டேன். நல்ல செய்தியாக இருந்தாலும் வெளியே போகக்கூடாது, நம்மால் எவ்வளவு கண்டுபிடிக்க முடிகிறது என்று அதிலிருந்து தெரிந்துவிடும் என்றார். மறுபடி கேட்கவில்லை. தலைவர் பதவி அந்த வாரம் முடிவாக இருந்தது.

அறிக்கையிலும் இதே கதைதான். சிறிய நாடுகளை எப்படித் தடுப்பது என்று நாற்பது பக்கம். பெரிய நாடுகள் தங்கள் குண்டுகளை என்ன செய்வது என்று நான் எழுதிய ஒரேயொரு பக்கத்தை வெட்டிவிட்டார்கள். அதற்கும் பேசாமல் கையெழுத்துப் போட்டேன். இப்போது தலைவர் அறையில் இருந்துதான் எழுதுகிறேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இதை எழுத இன்றைக்கும் அனுமதியில்லை.

மன்னித்துவிடு. சித்திரைக் கப்பலில் வந்துவிடுங்கள்.

அப்துல் ஸமட்


சாய்ந்தமருது,
20.02.1958

அப்துல் ஸமட் அவர்களுக்கு,

நஞ்சு என்று மறைத்திருந்தால், எங்களைப் பயமுறுத்த மனம் வரவில்லை என்று நினைத்து மன்னித்திருப்பேன். ஒன்றுமில்லை என்பதையா மறைத்தீர்கள்? 'குடிக்கலாம்' என்று ஒரு சொல். அதை விழுங்கிவிட்டுப் பதவியில் போய் ஏறிக்கொண்டீர்கள்.

கடிதத்தைக் கமீலாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தத் தண்ணீரைக் குடித்த நாளிலிருந்து குழந்தைக்குப் பால் கொடுக்கவே பயந்துகொண்டிருந்தவள். விக்கி விக்கி அழுதாள். 'இத எழுத இவ்வளவு நாளா?' என்றாள். பிறகு காறித் துப்பினாள். நான் தடுக்கவில்லை.

நாங்கள் கப்பலுக்கு வரமாட்டோம். மர்சூக் காக்காவிடமும் சொல்லிவிட்டேன். அவர் சுவர் கட்டக் கல் இறக்கினார்.

நேற்று றம்ஸியா கேட்டாள்: 'வாப்பா எப்ப வருவாரு உம்மா?'

'அதச் சொல்ல அவருக்கு அனுமதி இல்ல மகள்' என்றேன்.

ஸுல்பிகா