மருதாணிச் செடியில் ஒரு தத்துப்பூச்சி

5 அக்டோபர், ஞாயிறு

இரவெல்லாம் மழை. மோட்டார் ஸ்விட்ச் பெட்டிக்குள் தண்ணீர், கழற்றிக் காயவைத்தேன். மலர் கொல்லையில் மருதாணிச் செடிக்குள் தலையை விட்டு நிற்கிறாள். டீ ஆறிப்போனது. கூப்பிட்டால், "உங்க லென்ஸ எடுத்தாங்க." தோல் பார்க்கிற லென்ஸ், கம்பெனிச் சொத்து. கொடுத்தேன்.

எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய தத்துப்பூச்சி. தொட்டால் முன்னால் போவதில்லை. பக்கவாட்டில் நடந்து இலைக்கு அடியில் ஒளிகிறது. முதுகில் செம்புப் பட்டை. பதனிட்ட தோலுக்கு நிறம் கலப்பதுதான் கம்பெனியில் என் வேலை. இந்த நிறம் எங்கள் ஷேட் கார்டில் இல்லை. கலந்தாலும் வராது.

மலர் எம்.எஸ்ஸி. விலங்கியல். ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்காமல் என்னைக் கட்டிக்கொண்டவள். "நான் படிச்சது எதுலயும் இது இல்லங்க." படம் எடுத்துத் தன் பேராசிரியருக்கு அனுப்பினாள்.

7 அக்டோபர், செவ்வாய்

பேரா. போன். "நானும் பார்த்ததில்லம்மா. புதுசுன்னு சொல்ல ஆண் பூச்சி வேணும். அத வெச்சுத்தான் இனம் பிரிக்கணும். கெடாம அனுப்பு."

மலர் அப்போதே செடியடிக்குப் போய்விட்டாள். மாலையில் ஒன்றைப் பிடித்துவிட்டாள். ஆண்தானாம். "பத்திரமா வைங்க, குளிச்சிட்டு வர்றேன்."

வைத்தேன்.

8 அக்டோபர், புதன்

உப்புப் போட்டு வைத்தேன். கம்பெனிக்குப் பச்சைத்தோல் வந்தால் அழுகாமல் இருக்க என்ன செய்வோம்? உப்பு. கை தானாகப் போய்விட்டது. காலையில் டப்பாவைத் திறந்தால் சுருங்கிய ஒரு துகள். கால் தனி, வயிறு தனி.

"இன்னாங்க, இது ஆட்டுத்தோலா?"

டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மறுபடி செடிக்குப் போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

வாங்க வேண்டியது: ஸ்பிரிட், சின்னக் குப்பி, கோதுமை மாவு. உப்பும்.

10 அக்டோபர், வெள்ளி

ஆண் சிக்கவில்லை. பெண்ணும் குஞ்சும்தான். வேறு வீட்டுச் செடிகளிலும் பார்த்தாள். அங்கே இந்தப் பூச்சியே இல்லை.

நாளை பக்கத்து வீட்டு பர்வீன் அக்கா மகள் ஆயிஷாவுக்கு மருதாணி வைக்கிறார்கள். தெருவில் எந்த வீட்டுக் கல்யாணம் என்றாலும் எங்கள் செடிதான் மொட்டை. இல்லை என்று யாருக்கும் சொன்னதில்லை. "இந்தத் தடவ கடையில கோன் வாங்கிக்கட்டும், சொல்லிட்டு வர்றேன்" என்று கிளம்பினேன்.

மலர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கல்யாணப் பொண்ணுக்கு இல்லன்னு சொல்லுவாங்களா? சும்மா இருங்க. வர்றவங்களே தேடட்டும்."

11 அக்டோபர், சனி

புழுக்கம். பர்வீன் அக்காவோடு ஒரு பட்டாளம். மலர் என் கல்யாண வேட்டியைச் செடிக்கு அடியில் விரித்துவிட்டாள். உத்தரவு: கிளையைத் தட்டு, விழுவதைப் பார், பிறகு இலையைப் பறி.

"இன்னா மலரு பேஜாரு! எல பறிக்கறதா, பேன் பாக்கறதா?"

"மாப்ள பாக்கறோம்க்கா. பூச்சிக்கு."

"எம் பொண்ணுக்கே கெடச்சிட்டாரு, உம் பூச்சிக்குக் கெடைக்க மாட்டாரா!"

சிரிப்பு. செடி முக்கால்வாசி மொட்டை. வேட்டியில் எறும்பு, சிலந்தி, ஒரு பல்லிக்குட்டி. நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். அவள் விடவில்லை, முட்டி போட்டபடியே இருந்தாள். கடைசிக் கிளையில் பர்வீன் அக்கா கத்தினார்: "தோ! கோணையா நடக்குது பாரு!"

ஸ்ட்ரா முனையில் வலைத்துணி கட்டி, மூச்சால் மெல்ல உறிஞ்சி எடுத்தாள். ஒரு கால்கூட உடையவில்லை. ஆண். கம்பெனியில் யாருக்கும் இந்தக் கை கிடையாது, எனக்கும். நேரே ஸ்பிரிட்டுக்குள். குப்பியை என்னைத் தொடவிடவில்லை. சரிதான்.

ராத்திரி ஆயிஷா இவள் உள்ளங்கையிலும் மருதாணி வைத்து அனுப்பியிருக்கிறாள். பூவுக்குப் பதில் அந்தப் பூச்சி.

18 அக்டோபர், சனி

திங்களன்றே குப்பி பேராசிரியருக்குக் கூரியரில் போய்விட்டது. தீபாவளிக்கு முந்தின ஷிப்மென்ட், மண்டையிடி. சாப்பிட உட்கார்ந்தபோது பேரா. போன். "புதுசுதாம்மா. இதுவரைக்கும் யாரும் எழுதல. நாம எழுதுவோம். உம் பேருதான் மொதல்ல."

மலர் போனை வைத்தாள். கையை நீட்டி மருதாணிப் பூச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எவ்ளோ கரெக்டா போட்டிருக்கா பாருங்க."

பார்த்தேன். எண்ணினேன். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் எட்டுக் கால்.

சொல்லவில்லை.