ஒன்பது வருடம் திறக்காத பெட்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

கால் வீக்கம் வடிந்ததா? அம்மா நலமா? போனில் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

அரசு நிதியில் புது டிஎன்ஏ இயந்திரம் வந்ததால், இங்கே எங்கள் தடயவியல் ஆய்வகத்தில் தேங்கிய பழைய வழக்குகளின் தடயப் பெட்டிகளைத் திறக்கிறோம். நேற்று ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஆத்தூர் விபத்து. ஒரு பெண்ணை மோதிக் கொன்றுவிட்டு நிற்காமல் போன வேனின் கண்ணாடிச் சில்லில் ரத்தம் இருந்தது. எங்கள் கை பட்டுக் கலப்படம் ஆகியிருக்கிறதா என்று பார்க்க ஊழியர்களின் மாதிரிகளோடு ஒப்பிட்டபோது, என்னுடையதோடு பாதி பொருந்தியது.

"கையுறை போட்டிருந்தியாம்மா?" என்றார் எங்கள் பிரிவுத் தலைவி மேடம். போட்டிருந்தேன். அது ஆணின் ரத்தம். தந்தைக்கும் மகளுக்கும் அமைகிற பொருத்தம்.

அந்த வருடம் உங்கள் கைக்கட்டைப் பார்த்துக் கேட்டேன். "பம்ப்செட் தகரம் கிழிச்சிருச்சு சாமி" என்றீர்கள். அதே மாதம் நம் வேனை விற்றீர்கள்.

நான் யார் மகள் என்று மேடத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை அறிக்கை போகிறது. அதற்குள் நீங்களே ஸ்டேஷனுக்குப் போங்கள். சர்க்கரை மாத்திரையைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். நானும் வந்து வாசலில் நிற்கிறேன்.

கிருத்திகா