மூன்று தெருவுக்கு ஒரு டீசல் வண்டி

மார்ச் 4, செவ்வாய்

வண்டியில் மறுபடியும் அந்த மஞ்சள் எச்சரிக்கை விளக்கு. காலையில் கிளப்பியதுமே எரிந்ததாம், கடைக்குப் போய்ச் சேர்ந்தும் அணையவில்லையாம். வீட்டுக்கு வந்ததிலிருந்து என் வீட்டுக்காரர் அதையே புலம்பிக்கொண்டிருக்கிறார்.

இவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை மூன்று தெரு தள்ளி இருக்கிறது. நடந்தால் வியர்க்கக்கூடச் செய்யாது. அந்தத் தூரத்துக்குத் தோல் இருக்கையும் கண்ணாடிக் கூரையுமாகக் கப்பல் மாதிரி ஒரு டீசல் வண்டி. நானோ இரண்டு பேருந்து மாறி, ஊருக்கு வெளியே இருக்கும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறேன். நாற்பது கிலோமீட்டர், பெரும்பாலும் நெடுஞ்சாலை. ஆய்வகத்தில் நாள் முழுதும் நின்றுகொண்டே வேலை. திரும்பும் பேருந்திலும் நின்றுகொண்டேதான் வருகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

தம்பி வந்திருந்தான். வருகிற எல்லோருக்கும் நடத்தும் பாடத்தை இவர் அவனுக்கும் நடத்தினார். "பெட்ரோல்ல இதே வண்டி லிட்டருக்கு ஒன்பதுதான் தரும். இது பதினேழு. கணக்குப் போட்டுத்தான்டா வாங்கினேன்."

தம்பிக்கு வாய் சும்மா இருக்காது. "இப்ப எவ்வளவு தருது மாமா?"

திரையில் ஏழு என்று இருப்பது எனக்குத் தெரியும். "ஊருக்குள்ள அப்படித்தான் காட்டும்" என்றார் இவர்.

"டீசலுக்கு இனிமே எதிர்காலம் இல்ல மாமா. கம்பெனிக்காரங்களே கை கழுவிட்டு இருக்காங்க. அதுவும் இவ்வளவு போட்டு சொகுசு வண்டி வாங்கறவங்க மைலேஜ் பாத்தா வாங்கறாங்க?"

இவர் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனேன். போனதும் சிரிப்பு வரவில்லை. அந்தக் கணக்கில் என் வண்டியும் அல்லவா போயிற்று? நான் வேலைக்கு ஓட்டிப்போன பழைய சின்ன வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தபோது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஒரு வீட்டுக்கு ரெண்டு வண்டி எதுக்கு? நானே உன்னைக் கொண்டுபோய் விடறேன்" என்றார். விட்டார், ஒரு வாரம்.

மார்ச் 12, புதன்

இரண்டாவது பேருந்து வரவே இல்லை. மேலாளர் திட்டவில்லை, சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்தார்.

மார்ச் 16, ஞாயிறு

மெக்கானிக் போனில் வைத்தியம் சொல்லியிருக்கிறார். புகை வடிகட்டியில் கரி அடைந்திருக்கிறதாம். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் ஒரே சீராக ஓட்டினால் சூட்டில் அதுவே எரிந்துவிடுமாம். அதற்காக இன்று கிளம்பினோம். போக வேண்டிய இடம் என்று ஒன்றும் இல்லை. கரியை எரிக்க டீசலை எரிக்கிறோம் – சிக்கனத்துக்காக வாங்கிய வண்டியில்.

"நான் ஓட்டட்டுமா?" என்று கேட்டேன்.

"இது உன் பழைய வண்டி மாதிரி இல்ல. அகலம் உனக்குப் பிடிபடாது."

பன்னிரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறேன், ஒரு கீறல் கிடையாது. வாங்கிய மாதமே கடைத் தூணில் உரசியவர் இவர்தான். எங்கள் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலைத் தாண்டிப் போய், அடுத்த பாலத்தில் திரும்பி, மறுபடி அதே வாசலைத் தாண்டி வந்தோம். காவலாளி எனக்குக் கைகூடக் காட்டினார். இவருக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

மார்ச் 26, புதன்

எழுதவே கை வரவில்லை.

விளக்கு சிவப்பாகி, வண்டி வேகமே எடுக்காமல் முனகிக்கொண்டு பட்டறைக்குப் போயிருக்கிறது. என்னை வரச் சொன்னார். பேருந்திலிருந்து இறங்கித் தோளில் பையோடு நேராக அங்கேதான் போனேன். மெக்கானிக் கணினியை மாட்டிப் பார்த்துவிட்டு, தினம் எவ்வளவு தூரம் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டார். இவர் கடை இருக்கும் இடத்தைச் சொன்னார். மெக்கானிக் சிரிக்கவில்லை, நல்ல மனிதர்.

"எஞ்சின் சூடேறதுக்குள்ள நிறுத்திடறீங்க சார். கரி சேராம என்ன செய்யும்? இந்தத் தடவை நான் சுத்தம் பண்ணித் தரேன். அடுத்த தடவை ஃபில்டரே போயிடும். வீட்ல வேற யாராவது தினம் தூரமா போய் வராங்களா?"

"இல்ல" என்றார் இவர்.

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இல்லையாம். அப்ப நான் யாரு? தினம் விடியறதுக்கு முன்னாடி கதவைச் சாத்திட்டுப் போறது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா? எப்படி வாய் வந்தது அந்த மனுஷனுக்கு?

மார்ச் 27, வியாழன்

சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டுவிட்டேன். "ஏன் இல்லைன்னு சொன்னீங்க?"

சோற்றைப் பிசைந்தபடியே, "நீ அதுல போய், நான் கடைக்கு நடந்து போனா எதிர்வீட்டு வக்கீல் என்ன நினைப்பாரு?" என்றார்.

ஆக, அகலம் இல்லை, கீறல் இல்லை. வக்கீல். கோர்ட்டுக்கே ஓட்டை ஸ்கூட்டரில் போகிற அந்த வக்கீல்.

மார்ச் 31, திங்கள்

சனிக்கிழமையே வண்டி பட்டறையிலிருந்து வந்துவிட்டது. அனுமதி கேட்கவில்லை. அலமாரி மேலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு, குளியலறைக் கதவருகே நின்று, "வண்டிய எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றேன். உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.

முதல் இரண்டு திருப்பத்தில் ஊர்ந்துதான் போனேன். அகலம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் நெடுஞ்சாலையில் ஏறியதும் எஞ்சின் இருக்கிற இடமே தெரியவில்லை. இவ்வளவு நல்ல வண்டியா இது? கோபத்தோடு கிளம்பியவள், பாதி வழியில் சந்தோஷமாக இருந்தேன். இங்கே ஒப்புக்கொள்கிறேன், அவரிடம் மாட்டேன்.

சாயங்காலம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி நான்கு பக்கமும் பார்த்தார். அப்புறம் உள்ளே உட்கார்ந்து திரையில் மைலேஜைப் பார்த்தார்.

ஏப்ரல் 12, சனி

நடந்துதான் போகிறார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. இன்று வாசலில் வக்கீலிடம் சொன்னது காதில் விழுந்தது: "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு சார்." எந்த டாக்டர்? உடனே அடுத்தது: "வண்டி இப்ப பதினெட்டு தருது, தெரியுமா?" யார் ஓட்டி என்று சொல்லவில்லை. எரிச்சலாக வந்தது. ஆனால் விளக்கு எரிந்து வெகுநாள் ஆகிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தம்பி ஒரு பழைய வண்டி புரோக்கரைக் கூட்டி வந்தான். இந்த வண்டியில் டீசலையே நிறுத்தப்போவதாகக் கம்பெனி அறிவித்துவிட்டதாம். "இப்பவே குடுத்துடுங்க சார். இன்னும் ஒரு வருஷம் போனா தொட ஆள் இருக்காது" என்றார் புரோக்கர். தம்பியும் கூடச் சேர்ந்துகொண்டான்.

விற்றால் மறுபடி இரண்டு பேருந்து. இவருக்குக் கணக்கென்றால் உயிர், என்ன சொல்வார் என்று தெரிந்ததுதானே என்று கைப்பிடியைப் பிடித்தபடி மாடிப்படியிலேயே நின்றுவிட்டேன்.

"என்கிட்ட கேட்டா? தினம் அவ்வளவு தூரம் போறது அவ. அவ வண்டி, அவகிட்ட கேளுங்க" என்றார் இவர், என்னைப் பார்க்காமலே.

"விக்கறதா இல்ல" என்றேன். மாடிப்படியில் நின்று சொன்னது கீழே கேட்கவில்லை போலிருக்கிறது. இறங்கி வந்து இன்னொரு தடவை சொன்னேன்.