எல்லோரும் விலகி நடக்கும் இடம்

ஜார்ஜ் டவுன்
நவம்பர் 12

அன்புத் தம்பி ஜாஹிருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் லைலாவும் குழந்தை ஹுஸ்னாவும் பெர்த்தில் நலமாக இருக்க எப்போதும் துஆ செய்கிறேன். இங்கே நானும் உம்மாவும் நலம். உம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. சூலியா தெருவில் யாரோ கொடுத்த தைலத்தால்தான் என்கிறார். டாக்டர் கொடுத்த மாத்திரை என்று நான் நினைக்கிறேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

போனில் பேசாமல் எதற்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் நான் வேலை இடத்துப் பேச்சை எடுத்தாலே, "லாத்தா, மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கப்பல் சீசன் தொடங்கிவிட்டது. போன வாரம் மட்டும் நான்கு கப்பல்கள். ஒரு கப்பலில் மூவாயிரம் பேர் என்றால், இரண்டு மணி நேரத்தில் அத்தனை பேரும் இறங்கி, குடிநுழைவுக் கவுண்டரைத் தாண்டி, வருகைக் கூடத்தைக் கடந்து வெளியே பஸ், டாக்சி, பேச்சா ரிக்‌ஷா என்று போயாக வேண்டும். மேற்பார்வையாளர் என்று பெயர்தான், அந்த இரண்டு மணி நேரம் நான் உட்காருவதே இல்லை. ஆனாலும் நீ வரைந்த கூடம் நன்றாக வேலை செய்கிறது தம்பி. ஊரே சொல்கிறது. கப்பலிலிருந்து இறங்குகிறவர் பஸ்ஸில் ஏறும்வரை ஓர் இடத்திலும் கால் தயங்கக் கூடாது, அதற்காக நடுவில் ஒரு தூண்கூட வைக்கவில்லை என்று நீ அப்போது பெருமையாகச் சொன்னாய். வருகிறவர்கள் ஒரு பக்கம், ஏறுகிறவர்கள் மேல் தளத்தில், சக்கர நாற்காலிக்குத் தனி வழி. யாரும் யாரையும் இடிப்பதில்லை.

ஒரு விஷயம் மட்டும் உன்னிடம் கேட்க வேண்டும். என் அறை மாடியில் இருக்கிறது, கண்ணாடி வழியாகக் கூடம் முழுதும் தெரியும். கூட்டம் வரும்போது மேலிருந்து பார்த்தால் ஓடைத் தண்ணீர் மாதிரி இருக்கும். அந்தத் தண்ணீர் கூடத்தில் ஓர் இடத்தில் இரண்டாகப் பிரிந்து, கொஞ்சம் தள்ளி மறுபடி சேர்ந்துகொள்கிறது. நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாகவே கிடக்கிறது. தரையில் ஒன்றும் இல்லை. ஈரம் இல்லை, வெடிப்பு இல்லை, பலகை இல்லை. ஜெர்மன்காரர்கள் வந்தாலும் சீனாக்காரர்கள் வந்தாலும் அப்படியேதான். சிலர் லேசாகத் தோளை ஒடுக்கிக்கொண்டு போகிறார்கள். போன வியாழன் ஒரு வெள்ளைக்காரப் பெண் அங்கே வந்ததும் "சாரி" என்று சொல்லிவிட்டு விலகினாள். சொன்ன பிறகு யாரிடம் சொன்னோம் என்று அவளே திரும்பிப் பார்த்தாள்.

என்னோடு வேலை செய்யும் ரொஸ்னாவிடம் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கண்ணாடியின் திரைச்சீலையை இழுத்து மூடினாள். பார்க்காதே அக்கா, பார்த்தால் பழகிவிடும் என்றாள்.

நீ கட்டிடம் படித்தவன். இதற்கு ஒரு காரணம் இருக்கும். எழுது.

உம்மா ஸலாம் சொல்லச் சொன்னார். ஹுஸ்னாவின் பல் விழுந்த படம் பார்த்து இரண்டு நாள் சிரித்துக்கொண்டிருந்தார்.

உன் லாத்தா,
மஹ்பூபா


டிசம்பர் 9

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். உன் பதில் கிடைத்தது. இரண்டு பக்கம் எழுதியிருந்தாய், படமெல்லாம் போட்டு. மேலே கண்ணாடிக் கூரையிலிருந்து விழும் வெளிச்சம் தரையில் பளபளக்கும்போது, பள்ளம் போலக் கண்ணுக்குத் தெரியும், மனிதர்கள் தெரியாமலே விலகுவார்கள் என்று விளக்கியிருந்தாய். படிக்க நிம்மதியாக இருந்தது. நீ சொன்னபடியே கூரைக்கு அடியில் வெள்ளைத் துணி கட்டினோம். தரையில் சாம்பல் நிறக் கம்பளம் விரித்தோம். விளக்கின் திசையையும் மாற்றினோம். கூட்டம் கம்பளத்தின் மேலே நடந்து வந்து, அதே இடத்தில் பிரிந்து, அதே இடத்தில் சேர்ந்தது.

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். முதல் தேதி சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலில் ராமதாஸ் என்று ஒரு பெரியவர் இறங்கினார். ஓய்வு பெற்ற வாத்தியார். இரண்டு கண்ணும் தெரியாது. கூட வந்த மகள் பிரமிளா, பாஸ்போர்ட்டைக் கவுண்டரில் மறந்துவிட்டேன் என்று ஓடினாள். அவர் நிற்காமல் வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு தனியாக நடந்து வந்தார். நான் பின்னாலேயே போனேன். அந்த இடத்துக்கு இரண்டு அடி இருக்கும்போது அவர் கோல் தட்டுவது நின்றது.

"தம்பி, கொஞ்சம் வழி விடுப்பா" என்றார்.

யார் விலகுவது? கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு அவரே சுற்றிக்கொண்டு நடந்தார். என் செருப்புச் சத்தம் கேட்டதும் என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"யாரும்மா அந்தத் தம்பி? மூச்சு ரொம்ப வாங்குதே. ஒரு நாற்காலி போட்டு உட்கார வைக்கக் கூடாதா?"

நான் பார்த்துக்கொள்கிறேன் ஐயா என்றேன். கண் தெரியாதவருக்குத் தரையில் வெளிச்சம் பளபளத்தால் என்ன, பளபளக்காவிட்டால் என்ன தம்பி?

பைத்தியக்காரி என்று நினைக்காதே, மறுநாள் காலை ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் அங்கே போட்டேன். போடும்போது கையை நீட்டித் தள்ளித்தான் போட்டேன், கிட்டே போகவில்லை. பத்து மணிக்குக் கப்பல் வந்தது. பாதிப்பேர் எழுபது வயதைத் தாண்டியவர்கள். உட்கார இடமில்லாமல் சுவரில் சாய்ந்து நின்றார்கள். அந்த நாற்காலி மட்டும் காலியாகவே இருந்தது. கால் வீங்கிய ஒரு அம்மாவிடம், அதோ அங்கே உட்காருங்கள் என்று நான் கை காட்டினேன். அங்கே ஆள் இருக்கிறதே என்பது போல என்னைப் பார்த்துவிட்டு, தரையில் உட்கார்ந்துகொண்டார்.

நாற்காலியை எடுத்துவிட்டேன்.

உன் கடிதத்தை அன்றைக்கு மறுபடி படித்தேன். கடைசியில் அளவு எழுதியிருக்கிறாய். "மூன்றாவது கூரைக் கண்ணாடிக்கு நேர் கீழே, கவுண்டர் வரிசையிலிருந்து பதினொரு அடி." அது சரியான இடம்தான், டேப் பிடித்துப் பார்த்தேன். ஆனால் தம்பி, நான் அனுப்பிய கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. கூடத்தில் ஓர் இடம் என்றுதான் எழுதியிருந்தேன். எந்த இடம் என்று எழுதவே இல்லை.

உம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. நோன்புப் பெருநாளுக்காவது நீ வருவாயா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். மூன்று வருடமாக இதையே கேட்கிறார்.

உன் லாத்தா,
மஹ்பூபா


ஜனவரி 21

அன்புத் தம்பி ஜாஹிருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. போனும் எடுப்பதில்லை. லைலாதான் எடுத்து, உனக்கு உறக்கம் சரியில்லை என்று சொன்னாள். காரணம் அவளுக்குத் தெரியாது போலிருக்கிறது.

நேற்று கப்பல் இல்லாத நாள். காலையில் வாசல் காவலாளி அலாவுதீன் என் அறைக்குப் போன் செய்தான். ஒரு அம்மா பூவோடு வந்து நிற்கிறார், உள்ளே விடச் சொல்லிக் கேட்கிறார், என்ன செய்யட்டும் என்றான். இறங்கிப் போனேன். நாற்பது வயது இருக்கும், தொழிற்சாலைச் சட்டையோடு நின்றார். பெயர் குமுதா. சிம்பாங் அம்பாட்டிலிருந்து பஸ் பிடித்து, பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி வந்திருக்கிறார். கையில் கொஞ்சம் மல்லிகை, பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பி. இந்தக் கூடம் கட்டும்போது மேல் தளத்திலிருந்து விழுந்து இறந்துபோன சுகுமாரனின் மனைவி நான், இன்றைக்கு அவருடைய திதி, விழுந்த இடத்தில் இதை வைத்துவிட்டுப் போய்விடுகிறேன் என்றார்.

அழைத்துக்கொண்டு போனேன். இடம் எது என்று நான் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. அவர் இதற்கு முன் இந்தக் கூடத்துக்குள் கால் வைத்ததும் இல்லை. ஆள் இல்லாத கூடத்தில் எங்கள் செருப்புச் சத்தம் மட்டும்தான். அவர் எனக்கு முன்னால் நடந்தார். நடந்துகொண்டே போய், மூன்றாவது கண்ணாடிக்கு நேர் கீழே நின்றார். கூடம் திறந்த இந்த இரண்டு வருடத்தில் அங்கே விலகாமல் போய் நின்ற முதல் ஆள் அவர்தான்.

அழவில்லை. குனிந்து கோப்பியையும் பூவையும் வைத்தார். பிறகு தலையைத் தூக்கி மேல் தளத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினார்.

"அக்கா, அவர் யாரும் சொல்லாத வேலைக்குப் போகமாட்டார். கம்பித் தடுப்பைத் தாண்டித் தானாவே போனார்னு ரிப்போட்ல எழுதிட்டாங்க. எங்க மக ரூபினி இந்த வருசம் ஸ்கூல்ல ஃபார்ம் ஃபைவ், அதைத் தேடிப் படிச்சிட்டா. அப்பா ஏம்மா அங்க போனாரு, குடிச்சிருந்தாரான்னு கேக்குறா. யார் போகச் சொன்னாங்கன்னு தெரிஞ்சா போதும்லா. அவங்களை நான் ஒண்ணும் செய்யப் போறதில்ல. பிள்ளைக்குச் சொல்லணும்."

அவரை அறைக்குக் கூட்டிப் போய் பால் சேர்க்காத தே ஓ கலக்கிக் கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு அந்தத் தளத்தில் நின்றவன் என் தம்பி என்று மட்டும் சொல்லவில்லை. அப்படி ஒரு தேநீர் யாருக்கும் நான் கொடுக்கக் கூடாது, இனிமேல்.

ஜாஹிர், அந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிற்பகல் அசர் தொழுகைக்கு முன்பே நீ வீட்டுக்கு வந்துவிட்டாய். சாப்பிடவில்லை. பின்கட்டில் உட்கார்ந்து பூட்ஸைக் கழுவினாய், கழுவினாய், குழாயை மூடவே இல்லை. என்ன ஆயிற்று என்று நான் கேட்கக்கூட இல்லை, அதற்குள், "நான் அவரை அந்தப் பக்கம் அனுப்பல லாத்தா" என்று சொன்னாய். யாரை, எந்தப் பக்கம் என்று எனக்கு அப்போது தெரியாது. சாயங்காலம் செய்தியில்தான் பார்த்தேன். கேட்காத கேள்விக்கு நீ பதில் சொன்னாய். நானும் அதை உள்ளேயே வைத்துக்கொண்டேன். பதினைந்து நாளில் நீ பெர்த்துக்குப் போனாய். நல்ல வேலை, நல்ல சம்பளம் என்று நானே ஊரெல்லாம் சொன்னேன்.

குமுதா போன பிறகு மறுபடி கூடத்துக்கு இறங்கினேன். பகல் பதினொரு மணி, நல்ல வெயில். அந்த இடத்தை நோக்கி நேராக நடந்தேன். இரண்டு அடி இருக்கும்போது என் கால் தானாக வலப்பக்கம் திரும்பிவிட்டது. திரும்பி வந்து மறுபடி நடந்தேன். மறுபடியும் அப்படியே. மூச்சு கேட்டதா என்று மட்டும் என்னிடம் கேட்காதே.

எனக்குத் தெரிந்தவரை நீ கெட்டவன் இல்லை. அவசரத்தில் சொல்லியிருப்பாய். தளத்தின் திறப்பைப் பலகை மூடியிருக்கிறது என்று நினைத்திருப்பாய். அளவு எடுத்துவிட்டு வாருங்கள் அண்ணே என்று சாதாரணமாகத்தான் சொல்லியிருப்பாய். அதற்குப் பிறகு உன்னைச் சுற்றி நின்ற பெரியவர்கள், நாங்கள் எழுதிய ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடு, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றிருப்பார்கள். இதில் எது சரி, எது தப்பு என்று நீதான் சொல்ல வேண்டும். சொன்னால் உன் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. லைலா உன்மேல் கோபப்படலாம். உம்மா தாங்குவாரா என்றும் தெரியாது. இதையெல்லாம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வருகிற மாதம் முதல் புதன்கிழமை எனக்கு விடுமுறை. அன்றைக்கு சிம்பாங் அம்பாட் போகிறேன். குமுதாவின் வீட்டு முகவரியை வாங்கி வைத்திருக்கிறேன், இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீ உன் கையால் எழுதிய கடிதம் அதற்குள் வந்தால், எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுப்பேன். வராவிட்டாலும் போவேன். அன்றைக்குப் பின்கட்டில் நான் கேட்ட அந்த ஒரு வாக்கியத்தையும், அதைச் சொன்னவன் யார் என்பதையும் அந்தப் பிள்ளை ரூபினியின் முன்னால் சொல்லிவிட்டு வருவேன். ஆனால் அது நீ சொன்னதாக ஆகாது தம்பி. உன் லாத்தா உன்னைக் காட்டிக்கொடுத்ததாகத்தான் ஆகும். அந்த நிலைமையை எனக்குக் கொடுத்துவிடாதே.

அதிகம் எழுத வேண்டாம். நீட்டி விளக்க வேண்டாம். படம் எதுவும் போட வேண்டாம்.

உன் நாவை அல்லாஹ் லேசாக்குவானாக. உன் உறக்கத்தை உனக்குத் திருப்பிக் கொடுப்பானாக. உம்மா இருக்கும்போதே உன்னை இந்த வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துவானாக. ஆமீன்.

எந்நாளும் உன் லாத்தா,
மஹ்பூபா