கொக்கி உடைந்த நெட் ஒயர்

அங்கிள்,

இன்று காலை மேசையைத் துடைக்கும்போது கம்ப்யூட்டரின் நெட் ஒயர் மறுபடியும் கழன்று விழுந்தது. அதன் முனையில் இருந்த சின்ன பிளாஸ்டிக் கொக்கி எப்போதோ போய்விட்டது. தினமும் நாம் பிடுங்கிப் பிடுங்கி உடைத்ததுதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நீங்கள் சொன்ன முதல் பாடமே அது. கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் சாஃப்ட்வேரைத் திறக்கும் முன் ஒயரைப் பிடுங்க வேண்டும். நம்முடையது திருட்டுக் காப்பி. நெட் இருந்தால் அதற்குத் தெரிந்துவிடும். ஸ்ரீராம்புரத்தில் நம் தெருக் கடைகள் எல்லாவற்றிலும் இதே கதைதான். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டுவிட்டு வந்த நான், இதிலாவது தப்பு செய்யக் கூடாது என்று இருந்தேன்.

அப்படியும் ஒரு நாள் மறந்தேன். சாயங்காலம் கொடுக்க வேண்டிய கல்யாணப் பத்திரிகை பாதியில் இருக்க, இது அசல் அல்ல என்று திரை பூட்டிக்கொண்டது. அசலின் விலையைப் பார்த்தோம். வருஷா வருஷம் கட்ட வேண்டுமாம்.

"கடையையே வித்தாலும் ரெண்டு வருஷம்தான் ஓடும் போலிருக்கே," என்றீர்கள்.

கல்யாணப் பெண்ணின் அப்பா ஸ்டூலில் காத்திருந்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். பக்கத்துக் கடைக்காரர் பென் டிரைவோடு வந்தார். "இதுல வேற காப்பி இருக்கு. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கண்ணா," என்றார் பாதிக் கன்னடத்தில்.

அப்போதுதான் தரையைப் பார்த்தபடி சொன்னேன். ஜீவனஹள்ளி சர்ச் ஹாலில் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரிப் பிள்ளைகள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த இன்னொரு சாஃப்ட்வேரைப் பற்றி.

"அதுவும் திருட்டா?"

"இல்ல அங்கிள். செஞ்சவங்களே எல்லாரும் எடுத்துக்கலாம்னு குடுத்திருக்காங்க."

"சும்மா யாரும்மா குடுப்பாங்க?"

பெண்ணின் அப்பாவுக்குப் பொறுமை இல்லை. "இது சரியா வருமா?"

"எனக்குத் தெரியாது சார். அவளைக் கேளுங்க." சொல்லிவிட்டு உங்கள் நாற்காலியை என் பக்கம் தள்ளினீர்கள்.

"அப்ப இங்க ஓனர் யாரு?"

"கம்ப்யூட்டருக்கு அவ. டீ வாங்கிட்டு வர நான்."

உண்மையிலேயே டீ வாங்கப் போனீர்கள். நான் அந்த சாஃப்ட்வேரை நெட்டில் இறக்கி, பத்திரிகையை முதலிலிருந்து அடித்தேன். ஓரத்துப் பூக்கள் பழையபடி அமையவில்லை. ஆனாலும் அவர் இரண்டு முறை படித்துவிட்டுத் தலையாட்டினார். ஒயரை மறந்தது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். "விடும்மா. எத்தனை நாளைக்குத்தான் பிடுங்கறது," என்றீர்கள்.

அதன் பிறகும் ஒரு வாரம் பழக்கத்தில் பிடுங்கினீர்கள். "இதுக்கு வேணாம் அங்கிள்," என்றதும் ஒயரைக் கையில் பிடித்தபடி அசடு வழிந்தீர்கள்.

பள்ளியில் தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டே வாய் மூடி நின்றேன். அப்புறம் போவதையே நிறுத்தினேன். நீங்களோ வாடிக்கையாளர் முன்னால், சொந்தக் கடையில், அதை எவ்வளவு சுலபமாகச் சொன்னீர்கள்!

உங்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டரையும் அதிலேயேதான் செய்தேன். ஓரத்துப் பூக்கள் இப்போது நன்றாக வருகின்றன.

ஒயரைச் செருகி, கழலாமல் டேப் ஒட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து ஏதோ ஒரு ஃபைலைத் திறக்க முடியுமா என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது சார். உக்காருங்க, பார்க்கலாம்," என்றேன். தரையைப் பார்க்காமல், அவர் முகத்தைப் பார்த்து.